தீட்டும் அழுக்கும் ஒன்றா? லேவியராகமத்தின் சுத்தச் சட்டங்களும் நம் உடல்நலமும்

தேடல்மகன் எழுதியது:

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில் மூன்று வாரங்களாக லேவியராகமம் 11 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களைப் படித்து வருகிறோம். பாடம் நடத்துகிறவன் நான். சிறுவயதிலிருந்து கேட்டு வந்ததையே நானும் சொன்னேன். கிருமி என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில், தேவன் தம் ஜனத்துக்கு நோயாளியைத் தனியே வைப்பதையும், ஊற்றுநீரில் குளிப்பதையும், கழிவைப் புதைப்பதையும் கற்றுக்கொடுத்தார். வேதாகமம் தேவனிடமிருந்து வந்தது என்பதற்கு இதுவே சான்று என்றேன்.

மருத்துவம் படிக்கும் ஒரு தங்கை எழுந்து மத்தேயு 15:20-ஐ வாசித்தார்: "கைகழுவாமல் சாப்பிடுகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது." வாசித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் என் மனதை விட்டு நீங்கவில்லை. "அண்ணா, மோசே கற்றுக்கொடுத்தது சுகாதாரம் என்றால், இயேசு அந்தச் சுகாதாரத்தைத் தளர்த்திவிட்டார் என்றுதானே பொருள்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபித்து முடித்துவிட்டேன். இதைப் பற்றி ஆழமாகப் படித்தவர்கள் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்வாரிநிழல் எழுதியது:

சகோதரரே, கலங்க வேண்டாம். நீங்கள் சொன்னது சரியே. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில், பாளயத்துக்கு வெளியே ஓர் இடம் குறிக்கப்படுகிறது. ஒவ்வொருவனும் ஒரு சிறுகோலால் மண்ணைத் தோண்டி மலத்தை மூட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. எண்ணாகமம் 19:15-இல், சாவு நேர்ந்த கூடாரத்தில் மூடிவைக்காத பாத்திரம் தீட்டு என்கிறது. தீட்டுப்பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்று லேவியராகமம் 11:33 சொல்கிறது. மண்பாண்டத்தின் நுண்துளைகளில் படிவதைக் கழுவி எடுக்க முடியாது என்பதை இன்று நாம் அறிவோம். தோலில் சந்தேகத்துக்குரிய புள்ளி தெரிந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள் அடைத்துவைப்பது தனிமைப்படுத்தல் இல்லையென்றால் வேறு என்ன?

விருத்தசேதனம் ஏன் எட்டாம் நாளில் செய்யப்பட்டது? இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே அன்றுதான் உச்சத்தில் இருக்கிறது என்று பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்த்த மருத்துவர்களால் ஐரோப்பாவில் எத்தனை தாய்மார் மாண்டார்கள்! கையைச் சுத்தம் செய்தால் அந்தச் சாவுகள் குறையும் என்று வியன்னா மருத்துவர் செம்மல்வைஸ் 1847-இல் கண்டுபிடித்ததை மோசே அன்றே எழுதிவைத்தார். கைகழுவுவதைப் பற்றி இயேசு பேசியது முன்னோர்களின் பாரம்பரியத்தைக் குறித்தே. மோசேயின் பிரமாணத்தைக் குறித்து அல்ல. அந்தத் தங்கைக்கு இதைச் சொன்னால் போதும்.

பழையஏடு எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேல் இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாட்டைக் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சகோதரர் கல்வாரிநிழலின் கடைசிக் குறிப்பில் உண்மை உண்டு. உணவுக்கு முன் எல்லாரும் கைகழுவ வேண்டும் என்று மோசேயின் சட்டத்தில் எங்கும் இல்லை. யாத்திராகமம் 30-இல் வெண்கலத் தொட்டியண்டையில் கைகால்களைக் கழுவும்படி சொல்லப்பட்டவர்கள் ஆசாரியர்கள் மட்டுமே. ஆனால் இந்த உண்மையே அவருடைய வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. நலவாழ்வுக்காகவே எழுதப்பட்ட சட்டம் என்றால், அதிக உயிர்களைக் காக்கும் எளிய பழக்கமாகிய அந்த ஒன்று அதில் இல்லாமல் போனது ஏன்?

எண்ணாகமம் 19-ஐ முழுவதும் வாசியுங்கள். பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுப்பட்டிருக்கிறான். சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீரை மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் ஈசோப்புச் செடியினால் அவன்மேல் தெளிக்கிறார்கள். அந்த நீரைத் தெளிக்கிறவனோ தன் வஸ்திரங்களைத் தோய்க்க வேண்டும். அதைத் தொடுகிறவன் சாயங்காலம்வரை தீட்டுப்பட்டிருப்பான். தீட்டுப்பட்டவனைச் சுத்திகரிக்கும் நீர் சுத்தமானவனைத் தீட்டுப்படுத்துகிறது! யூத ஆசிரியர்களே இதைப் புரிந்துகொள்ள முடியாத கட்டளைக்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தார்கள். கிருமியியலைக் கொண்டு இதை எப்படி விளக்குவீர்கள்?

லேவியராகமம் 13:12-13 இன்னும் கடினமானது. நோய் தலைமுதல் கால்வரை உடல் முழுவதையும் மூடி, எல்லாம் வெண்மையாக மாறிவிட்டால், அவன் சுத்தமானவன் என்று ஆசாரியன் தீர்க்க வேண்டும். பச்சை மாம்சம் தெரிந்தால்தான் தீட்டு. தொற்றுக்கு அஞ்சுகிறவர்கள் எழுதும் விதியா இது? அடுத்த அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான குழிகள் தோன்றினால், ஆசாரியன் பார்க்க வருமுன்னே சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அவை தீட்டுப்படுவதில்லை. நேற்றுவரை அந்தச் சுவரில் சாய்ந்திருந்த அதே பாய்தான், அதே பெட்டிதான். ஆசாரியன் "தீட்டு" என்று சொல்லும்வரை அவற்றுக்குத் தீட்டில்லை. எந்தக் கிருமியும் ஆசாரியனுடைய வாய்ச்சொல்லுக்காகக் காத்திருப்பதில்லை.

உணவுச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். பன்றி இறைச்சியில் உள்ள திரிகினெல்லா புழுவைக் காரணம் காட்டுகிறார்கள். சரி, சரியாக வேகாத மாட்டிறைச்சியிலும் நாடாப்புழு வரும். ஆட்டிலிருந்து புரூசெல்லா என்ற கிருமி பரவும். இரண்டுக்கும் தடை இல்லை. ஒட்டகத்துக்கும் குழிமுசலுக்கும் தடை உண்டு. நச்சுச் செடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உபாகமம் 14:21 எனக்கு எப்போதும் தீர்க்கமான வசனமாகத் தோன்றுகிறது: தானாய்ச் செத்ததை நீங்கள் உண்ணக்கூடாது, வாசலில் இருக்கும் பரதேசிக்குக் கொடுக்கலாம், அந்நியனுக்கு விற்கலாம். அது உயிருக்கு ஆபத்து என்பதால் விலக்கப்பட்டது என்றால், நீதியுள்ள தேவன் அதை அயலானுக்கு விற்கச் சொல்வாரா? "நீ உன் தேவனாகிய கர்த்தருக்குப் பரிசுத்த ஜனமாயிருக்கிறாய்" என்ற காரணம் அந்த வசனத்திலேயே இருக்கிறது. உணவுத் தடைக்கு உடல்நலமே காரணம் என்ற கருத்தை 15-16-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யூத அறிஞர் ஈசாக் அபிராபனேலே மறுத்தார். அப்படிச் சொன்னால் தேவனுடைய சட்டம் ஒரு சிறிய மருத்துவ நூலாகக் குறுகிவிடும் என்பது அவருடைய கவலை.

தீட்டு என்பது அழுக்கு அல்ல, பாவமும் அல்ல. தகப்பனை அடக்கம்பண்ணுகிறவன் தீட்டுப்படுகிறான், ஆனால் அடக்கம்பண்ணுவது அவனுடைய கடமை. பிள்ளை பெறுகிறவள் தீட்டுப்படுகிறாள், ஆனால் பிள்ளைப்பேறு ஆசீர்வாதம். கணவனும் மனைவியும் கூடினால் சாயங்காலம்வரை தீட்டு. பிணம், இரத்தப்போக்கு, விந்து, உயிரோடிருக்கும்போதே உடல் சிதைவதுபோல் தோன்றும் தோல்நோய் ஆகிய எல்லாம் உயிர் கசிந்து போவதன் அடையாளங்கள் என்று யாக்கோபு மில்குரோம் என்ற ஆய்வாளர் விளக்கினார். ஜீவனுள்ள தேவன் நடுவே வாசம்பண்ணுகிறார்; சாவின் சாயலோடு அவருடைய வாசஸ்தலத்தை அணுகக்கூடாது. லேவியராகமம் 15:31 இதையே காரணமாகச் சொல்கிறது. மண்ணைத் தோண்டி மூடும் கட்டளைக்குக்கூட, கர்த்தர் பாளயத்துக்குள்ளே உலாவுகிறார் என்பதே காரணம். அதனால் வயிற்றுப்போக்குக் குறைந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு கட்டளையால் விளையும் பயன் வேறு, அந்தக் கட்டளைக்குரிய காரணம் வேறு.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். அறுவைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சகோதரர் கல்வாரிநிழல் மருத்துவத்தைச் சாட்சிக்கு அழைத்திருப்பதால், அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பிறக்கும் குழந்தைகளுக்கு வைட்டமின் கே மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தவுடன் ஊசி போடுகிறோம். அந்த ஊசி போடப்படாத குழந்தைகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரையும் இரத்தக்கசிவு வரக்கூடும், மூளையிலும் வரக்கூடும். எட்டாம் நாள் ஒரு பாதுகாப்பு மதில் அல்ல. இதை நம்பி யாராவது ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். தயவுசெய்து பிரசங்கங்களில் சொல்ல வேண்டாம்.

செம்மல்வைஸ் லேவியராகமத்தைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. வியன்னாவில் அவருடைய நண்பரான கொலெட்ச்கா, பிணப்பரிசோதனையின்போது கத்தி பட்டு இறந்தார். அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றைப் போலவே இருந்ததைக் கவனித்துத்தான் செம்மல்வைஸ் பிணக்கூடத்தையும் பிரசவ அறையையும் இணைத்துப் பார்த்தார். கையிலிருந்த நாற்றத்தைச் சோப்பு போக்கவில்லை, குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசல் போக்கியது. அந்தப் பிரிவில் 1847 ஏப்ரலில் ஏறக்குறைய 18 சதவீதமாக இருந்த இறப்பு, சில மாதங்களிலேயே 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அந்த மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டது அடுத்த தாயைத் தொடுவதற்குள் கையைச் சுத்தம் செய்யும் வழி. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்கும் சாம்பல்நீரால் அந்தத் தாய்மார் பிழைத்திருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எப்போதெல்லாம் கைகழுவ வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைக் குறித்திருக்கிறது. முதல் இரண்டும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னும், அவருடைய காயத்திலோ நரம்பிலோ கைவைப்பதற்கு முன்னும். உடல்கசிவு பட்ட பிறகு, நோயாளியைத் தொட்ட பிறகு, அவருடைய படுக்கையைத் தொட்ட பிறகு என்பவை மற்ற மூன்றும். புதிதாக வரும் மாணவிகளைக் கவனித்திருக்கிறேன். பின்னால் வரும் மூன்றையும் யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் சீழைத் தொட்டவுடன் தன் கையைக் கழுவ யாருக்கும் தோன்றும். முன்னால் வரும் இரண்டும்தான் மறந்துபோகின்றன. தன் கை அழுக்கு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மாற்கு 7-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வரும். பரிசேயர் சந்தையிலிருந்து வந்தவுடன் கழுவினார்கள்; வெளியே இருந்தவர்களின் தீட்டு தங்களுக்குள் வந்துவிடக்கூடாது என்று கழுவினார்கள். நான் முதியவர் ஒருவரின் சர்க்கரை நோய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு முன் கழுவுவது, என்னிடமிருந்து எதுவும் அவருக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு என்று ஒரு நிமிடம் ஆகும். அவருடைய பாதத்தை என் மடியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய துணியைப் பிரிப்பேன். ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீரை ஊற்றி, ஊறும்வரை பொறுத்திருப்பேன். அந்த நேரத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உனக்கு அருவருப்பாக இல்லையா, அம்மா?" என்று ஒருநாள் கேட்டார். அருவருப்பு இல்லை என்று நான் பொய் சொல்லவில்லை. "கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன், ஐயா" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

கல்வாரிநிழல் எழுதியது:

சகோதரி, வைட்டமின் கே பற்றி நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். வருந்துகிறேன், இனிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஐயா பழையஏடு அவர்களிடம் ஒரு கேள்வி. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று யாத்திராகமம் 15:26-இல் அவரே சொல்கிறாரே. உடல்நலத்தில் அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? நம் சட்டங்களை வெறும் சடங்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நீங்கள் வழிவிடுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையஏடு எழுதியது:

நல்ல கேள்வி, சகோதரரே. அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. 13-ஆம் அதிகாரத்து ஆசாரியன் எந்த மருந்தும் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் உற்றுப் பார்க்கிறான்: புள்ளி தோலைவிடப் பள்ளமாக இருக்கிறதா, அதிலுள்ள மயிர் வெளுத்திருக்கிறதா, பரவியிருக்கிறதா, நின்றிருக்கிறதா என்று பார்க்கிறான். தழும்பையும் தீப்புண்ணையும் வழுக்கையையும் நோயிலிருந்து பிரித்தறிகிறான். அவசரத்தில் யாரையும் வெளியே தள்ளாதபடிக்கு ஏழு நாள் காத்திருக்கிறான். குணமானவன் வீடு திரும்புவதற்கு 14-ஆம் அதிகாரம் முழுவதும் வழிசெய்கிறது. ஆசாரியனே பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போய் அவனைப் பார்க்கிறான். ஏழையானால் ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் போதும். சடங்குதான், ஆனால் அந்தச் சடங்கு மனிதனைக் கைவிடவில்லை.

பின்னால் வந்தவர்கள் வெளியே தள்ளும் பாதியை வைத்துக்கொண்டார்கள். உள்ளே அழைக்கும் பாதியை விட்டுவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. எபிரெயத்தில் "சாராஅத்" என்ற சொல் தோலிலும் துணியிலும் சுவரிலும் தோன்றும் பலவகைக் கேடுகளைக் குறித்தது. சுவருக்குத் தொழுநோய் வருமா? கிரேக்கத்தில் அதைச் செதில் உரியும் நோய்க்குரிய "லெப்ரா" என்ற சொல்லால் பெயர்த்தார்கள். காலப்போக்கில் அந்தப் பெயர் நரம்பைத் தாக்கி உணர்வைப் போக்கும் வேறொரு நோய்க்குப் போய்ச் சேர்ந்தது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது "குஷ்டரோகம்" ஆயிற்று. 13-ஆம் அதிகாரத்தில் மரத்துப்போதல் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அந்த அதிகாரத்தின் தீர்ப்பு முழுவதும் அந்த நோயாளிகளின் தலையில் விழுந்தது. பாவத்துக்கு வந்த தண்டனை என்ற பழியும் அதோடு சேர்ந்துகொண்டது.

நார்வேயில் ஹான்சன் அந்த நோயின் கிருமியைக் கண்டது 1873-இல். அதே ஆண்டில்தான் டேமியன் அடிகளார் ஹவாயின் மொலோக்காய் தீவில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தார். 1889-இல் அந்த நோயாலேயே இறந்தார். 1981 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை இருக்கிறது; தொடங்கிய சில காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது, நோய் முழுவதும் குணமாகிறது. இன்னும் நம் பிரசங்கங்களில் "பாவமாகிய குஷ்டம்" என்ற சொல் நீங்கவில்லை. அந்த நோய் வந்து குணமான ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் அவருடைய மனம் என்ன பாடுபடும்? வேதாகமத்தை மருத்துவ நூலாக வாசிப்பதால் வரும் தீங்கு இதுதான்.

நள்ளிரவு விளக்கு எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. எனக்குப் பதினாறு வயதானபோது, மாதவிடாய் நாட்களில் திருவிருந்துப் பந்திக்குப் போகக்கூடாது என்று நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் சொல்லப்பட்டது. காரணம் கேட்டபோது, "சுகாதாரத்துக்காகத்தான் தேவன் வைத்தார்" என்றார்கள். இருமிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருந்தவர்கள் அதே பாத்திரத்தில் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். நான் இருக்கையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். என்ன காரணத்தால் எழவில்லை என்பது பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அவமானம் இப்போதும் நினைவிருக்கிறது.

பழையஏடு எழுதியது:

மகளே, அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஏறத்தாழ 601-ஆம் ஆண்டில் இதே கேள்வி இங்கிலாந்திலிருந்து ரோமுக்குப் போனது. அந்த நாட்களில் பெண் ஆலயத்துக்குள் வருவதையோ திருவிருந்து பெறுவதையோ தடுக்கக்கூடாது என்று போப்பு மகா கிரிகோரி பதில் எழுதினார். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள பெண் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டது சரியென்றால், இயல்பான உதிரம் எப்படித் தடையாகும் என்பது அவருடைய வாதம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த கேள்வியை உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

லேவியராகமத்தின்படி அவள் தொட்டவுடன் தீட்டு அவருக்குப் போயிருக்க வேண்டும். மாற்கு 5-இல் வல்லமை அவரிடமிருந்து அவளுக்குப் போகிறது. மாற்கு 1-இல் சாராஅத் நோயாளியை அவர் தொட்டபோதும் அப்படியே நடந்தது; தொட்ட பிறகு, மோசே கட்டளையிட்டபடி ஆசாரியனிடம் போய்க் காண்பி என்கிறார். மோசேயை அவர் தள்ளிவைக்கவில்லை. ஆசாரியன் பரிசோதித்துச் சொன்னால்தான் அவனை ஊர் ஏற்றுக்கொள்ளும்.

மடத்துக்கிணறு எழுதியது:

மறுபக்கத்துத் தவறு ஒன்றும் நம் வரலாற்றில் இருப்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். தீட்டு ஒழிந்தது என்றால் குளியலும் ஒழிந்தது என்று எண்ணிய துறவிகள் இருந்தார்கள். கிறிஸ்துவில் ஒருமுறை குளித்தவனுக்கு மறுபடியும் குளிக்கத் தேவையில்லை என்று பண்டைத் திருச்சபை அறிஞரான எரோணிமுவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு எனக்கு அதைவிட நல்லதாகத் தோன்றுகிறது: நோயாளிகளுக்குத் தேவைப்படும் போதெல்லாம் குளியல் உண்டு, உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு, முக்கியமாக இளைஞர்களுக்கு, அவ்வளவு எளிதில் கிடைக்காது. அக்கால மடங்களில் நீரைச் சுடவைப்பது பெரிய வேலை. அந்த வேலை யாருக்காகச் செய்யப்பட வேண்டும் என்பதை அவர் தெளிவாக எழுதிவிட்டார்.

ஞானஸ்நானம் "மாம்ச அழுக்கை நீக்குதலாயிராமல்" என்று 1 பேதுரு 3:21 சொல்வதையும் அந்தத் தங்கைக்கு வாசித்துக் காட்டுங்கள். அழுக்கை நீக்கும் குளியல் வேறு, அந்தக் குளியல் வேறு என்று பேதுருவுக்குத் தெரிந்திருந்தது.

தேடல்மகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை வகுப்பு முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய கடன் எனக்கு உண்டு.

மூன்று வாரங்களாக நான் கற்பித்ததில் பிழை இருந்தது என்று முதலில் சொன்னேன். தீட்டு வேறு, அழுக்கு வேறு, பாவம் வேறு என்று பலகையில் எழுதி, பிள்ளைகளையே வசனங்களைப் பிரித்து எழுதச் சொன்னேன். தகப்பனை அடக்கம்பண்ணுகிறவன் எந்த வரிசையில் வருவான் என்பதில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு சகோதரி இரவுப்பணி எழுதியதை, பெயர் சொல்லாமல், வாசித்தேன். தீட்டைப் பற்றிய கழுவுதலைத்தான் இயேசு தளர்த்தினார் என்றும், என் கையிலிருந்து இன்னொருவருக்கு நோய் போகாதபடி கழுவுவது பிறனை நேசிக்கும் கட்டளைக்குள் வருவதால் அதை அவர் எங்கும் தளர்த்தவில்லை என்றும் சொன்னேன்.

அந்தத் தங்கை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால், அண்ணா, காய்ச்சலோடு திருவிருந்துக்கு வருகிறவரிடம்தான் நாம் பேச வேண்டும்" என்றார். அடுத்த மூப்பர் கூட்டத்தில் பொதுப்பாத்திரத்தைப் பற்றி எடுத்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நோயுள்ளவர்களுக்கு அன்று தனிக் கிண்ணம் கொடுக்கும் வழக்கம் உங்களில் யாருடைய சபையிலாவது இருந்தால், அதை யாரும் மனம் நோகாதபடி எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.